சந்திர கிரகணமும் ஒரு ரயில் கணக்குதான்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

"இரண்டு ரயில்கள் எதிரெதிர்த் திசையில் புறப்படுகின்றன…" இந்த ஒரு வரியைப் பார்த்ததும் வினாத்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இந்த இடத்தில் மட்டும் தடுமாறுவதை நான் வேலை பார்த்த வருடமெல்லாம் பார்த்திருக்கிறேன். இது ஆங்கிலேயன் ரயிலோடு கொண்டுவந்து இறக்கிய கணக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

தென்னிந்தியாவில் முதல் ரயில் ஓடியது 1856-ல், சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம். ஆனால் இந்தக் கணக்குக்கான விதி அதற்கு 1300 வருடங்களுக்கு மேல் முந்தியே இந்த நாட்டில் எழுதப்பட்டுவிட்டது. நம் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் அந்த விதியின்படிதான் தரையில் சோழி பரப்பி, கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊர்ச் சாலையிலேயே வைத்துக்கொள்வோம்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் 36 கி.மீ. என்று கொள்ளுங்கள். கோவையிலிருந்து ஒரு வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அதே நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னொரு வண்டி மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் இந்தப் பக்கம் வருகிறது. எப்போது சந்திக்கும்?

ஒரு மணி நேரத்தில் இந்த வண்டி 40 கி.மீ. இடைவெளியைத் தின்கிறது. அந்த வண்டி 32 கி.மீ. தின்கிறது. இரண்டும் சேர்ந்து 72. இருக்கிற இடைவெளியோ 36. அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கோவை வண்டி அதற்குள் 20 கி.மீ. வந்திருக்கும். பெரியநாயக்கன்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டும் சந்திக்கும்.

இன்னொன்று. துடியலூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் வடக்கே போகிறார். அரை மணி கழித்துத்தான் வீட்டில் பார்க்கிறார்கள், சாப்பாட்டுப் போசியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். மகன் டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் துரத்துகிறான். எப்போது பிடிப்பான்?

அவன் கிளம்பும்போது இடைவெளி 6 கி.மீ. ஒரு மணி நேரத்தில் அவன் 36 கி.மீ. போவான். ஆனால் அப்பா சும்மா நிற்கவில்லை, அவரும் 12 போகிறார். ஆகவே இடைவெளி மணிக்கு 24 கி.மீ.தான் குறைகிறது. 6-ஐ 24-ஆல் வகுத்தால் கால் மணி. 15 நிமிடத்தில் பிடித்துவிடுவான்.

இவ்வளவுதான் விஷயம். எதிரெதிர் என்றால் வேகங்களைக் கூட்டு, ஒரே திசை என்றால் கழி. பாடப்புத்தகம் இதற்கு சார்பு வேகம் என்று பெயர் வைத்திருக்கிறது.

இதை முதன்முதலில் யார் கேட்டார்கள் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மனிதன் எதையாவது துரத்த ஆரம்பித்த நாளிலிருந்தே இருந்திருக்கும். எழுத்தில் கிடைக்கிற பழைய கணக்குகளில் ஒன்று சீனாவுடையது. 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூலில் இருக்கிறது. சுமார் 2000 வருடம் பழைய தொகுப்பு. வேகமாக நடப்பவன் 100 அடி வைக்கும் நேரத்தில் மெதுவாக நடப்பவன் 60 அடி வைக்கிறான். மெதுவானவன் 100 அடி முன்னால் போய்விட்டான். வேகமானவன் எத்தனை அடி நடந்தால் பிடிப்பான்? ஒவ்வொரு 100 அடிக்கும் 40 அடி மிச்சம் பிடிக்கிறான். 100 அடி மிச்சம் பிடிக்க 250 அடி நடக்க வேண்டும்.

ஐரோப்பாவில் சுமார் கி.பி. 800-ஐ ஒட்டி, அல்குயின் என்ற பாதிரியார் பெயரில் வழங்கும் ஒரு கணக்குத் தொகுப்பில் இதே கணக்கு நாயும் முயலுமாக வருகிறது. முயல் 150 அடி முன்னால் நிற்கிறது. நாய் ஒரு பாய்ச்சலுக்கு 9 அடி, முயல் 7 அடி. பாய்ச்சலுக்கு 2 அடி மிச்சம். 75 பாய்ச்சலில் நாய் முயலைப் பிடித்துவிடும்.

எந்த ஊரில் எது ஓடியதோ அது கணக்குக்குள் வந்திருக்கிறது. நம் நாட்டில்? இங்கே கணக்குக்குள் வந்தது வானம்.

ஆரியபட்டர் தன் நூலை எழுதிய காலம் கி.பி. 499. அப்போது தனக்கு 23 வயது என்று அவரே கணக்காகச் சொல்லியிருக்கிறார். ஆரியபடீயம் சின்ன நூல், 121 செய்யுள்தான். அதில் கணிதப் பகுதியின் 31-ஆவது செய்யுளில் நாம் மேலே போட்ட இரண்டு கணக்கும் இரண்டே வரியில் அடங்கிவிடுகின்றன. எதிரெதிரே போகிற இரண்டு பொருள்களின் இடைவெளியை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், ஒரே திசையில் போனால் வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு, ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. கிடைக்கிற விடை, இரண்டும் சந்திக்கப் போகிற காலமாகவும் இருக்கலாம், ஏற்கெனவே சந்தித்துவிட்ட காலமாகவும் இருக்கலாம் என்று அவர் சேர்த்தே சொல்லிவிடுகிறார். வேகமாகப் போவது பின்னால் இருந்தால் இனிமேல்தான் பிடிக்கும். அதுவே முன்னால் போய்க்கொண்டிருந்தால், எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம். விடை கழித்தல் குறியோடு வந்தால் "தப்பு" என்று பிள்ளைகள் அழித்துவிடுகிறார்கள். அது தப்பு இல்லை, நடந்து முடிந்த கதை.

கிரகங்கள் எதிரெதிரே எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், குரு வக்கிரம், சனி வக்கிரம் என்பார்கள். பூமியிலிருந்து பார்க்கும்போது சில மாதம் அந்தக் கிரகம் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். ஒன்று நேர்கதியிலும் மற்றது வக்கிர கதியிலும் இருந்தால் கூட்ட வேண்டும். இரண்டும் நேர்கதி என்றால் கழிக்க வேண்டும்.

ஆரியபட்டருக்கு 130 வருடம் கழித்து, கி.பி. 629-ல், முதலாம் பாஸ்கரர் அந்த நூலுக்கு உரை எழுதினார். அவர் நம்மைப்போல ஒரு வாத்தியார் மனசுக்காரர் என்று எனக்குத் தோன்றும். கிரகத்தை விட்டுவிட்டு மனிதர்களை நடக்க விட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். குஜராத்தில் இருந்த வலபி நகரத்திலிருந்து ஒருவர் நாளுக்கு ஒன்றரை யோசனை தூரம் நடக்கிறார். எதிரே இன்னோர் ஊரிலிருந்து ஒருவர் நாளுக்கு ஒன்றேகால் யோசனை நடந்து வருகிறார். இரண்டு ஊருக்கும் நடுவே 18 யோசனை. எப்போது சந்திப்பார்கள்? ஒன்றரையும் ஒன்றேகாலும் இரண்டேமுக்கால். 18-ஐ அதனால் வகுத்தால் 6 நாளும் ஒரு நாளில் 11-ல் 6 பங்கும். வலபிக்கும் மற்ற ஊருக்கும் பதில் கோவையும் மேட்டுப்பாளையமும் என்று போட்டால் இன்றைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு.

இப்போது ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். அப்பா அம்மா இரண்டு பேருமே மில் வேலைக்காரர்கள். அந்தத் தேர்வில் 200 கேள்விக்கு 25 கேள்வி கணக்கும் மனத்திறனும். ஒரு கேள்வி கூடக் குறைந்தால் எத்தனை ஆயிரம் பேருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் நோட்டோடு வந்தாள்.

"டீச்சர், எதிர்த்தாப்ல வந்தா கூட்டோணும், ஒரே பக்கம் போனா கழிக்கோணும். அது தெரியுமுங்க. ரயிலோட நீளத்தை எப்பக் கூட்டறது, எப்பக் கழிக்கறது, அங்கதானுங்க கொழம்புது."

"வேகத்தை ஏன் கண்ணு கூட்டறே?"

"அது பார்முலாங்க டீச்சர்."

நோட்டைப் பார்த்தேன். ரயில் கம்பத்தைக் கடந்தால் ஒரு சூத்திரம், நடைமேடையைக் கடந்தால் ஒரு சூத்திரம், நடந்து போகிற ஆளைக் கடந்தால் ஒன்று, இன்னொரு ரயிலைக் கடந்தால் இரண்டு. மொத்தம் ஒன்பது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள். பத்தாவது மாதிரி ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வாள்?

ஆரியபட்டர் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார். ஆனால் அது கணிதப் பகுதியில் இல்லை, வானத்தைப் பற்றிய கோளப் பகுதியில், 9-ஆவது செய்யுளில் இருக்கிறது. ஓடத்தில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்கிறவை பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். அதுபோல, பூமி சுழல்வதால்தான் நின்றிருக்கிற நட்சத்திரங்கள் மேற்கே ஓடுவதுபோல் தெரிகின்றன என்பது அவர் கருத்து. இத்தாலியில் கலிலியோ கப்பலுக்குள் இருக்கிறவனுக்குக் கப்பல் ஓடுவது தெரியாது என்று எழுதியது 1632-ல். நம் ஆளுடைய ஓடம் அதற்கு 1100 வருடம் மூத்தது.

கூட்டு, கழி என்ற விதி ஓரிடத்தில், அது ஏன் என்கிற ஓடம் வேறோரிடத்தில். நம் பாடப்புத்தகங்களும் விதியைக் கணக்கிலும், ஓடுகிற பஸ்ஸிலிருந்து மரத்தைப் பார்ப்பதை அறிவியலிலும் தனித்தனியாக வைத்துவிட்டன. இரண்டும் ஒன்றுதான். ஓடுகிற இரண்டில் ஏதாவது ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற வண்டி நின்றுவிட்டது, மற்றது மட்டும்தான் ஓடுகிறது என்று ஆகிவிடும். எதிரே வருகிற வண்டி கூடுதல் வேகத்தில் பாய்ந்து வரும். கூடவே போகிற வண்டி மெதுவாக ஊர்ந்து போகும். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான்.

பள்ளியில் நான் இதற்குக் கரும்பலகையைத் தொடுவதே இல்லை. மைதானத்தில் இரண்டு பிள்ளைகளை 20 அடி இடைவெளியில் எதிரெதிரே நிறுத்துவேன். ஒரு கைதட்டுக்கு ஒருவன் 3 அடி, இன்னொருத்தி 2 அடி. மற்ற பிள்ளைகள் இடைவெளியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 20, 15, 10, 5, முட்டிக்கொண்டார்கள்! அப்புறம் ஒரே திசையில் விடுவேன். அவள் 5 அடி முன்னால். 5, 4, 3, 2, 1, பிடித்துவிட்டான். நடப்பவர்களைப் பார்க்காதீர்கள், நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள் என்பேன். சூத்திரத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சரி, ரயிலின் நீளம்? அந்தப் பெண்ணுக்கு அதை ரயிலை வைத்துச் சொல்லவில்லை. நிலாவை வைத்துச் சொன்னேன். அதற்கு முன்னால் புதுச்சேரிக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் பாவம், அதிர்ஷ்டம் கெட்ட மனிதர். சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடந்து போவதைப் பார்க்க இந்தியாவுக்கு வந்தார். 1761-ல் அது நடந்தபோது நடுக்கடலில் கப்பலில் மாட்டிக்கொண்டார். அடுத்த கடப்பு 1769-ல். எட்டு வருடம் ஊர் திரும்பாமல் காத்திருந்து புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். அன்று காலை மேகம் மூடிவிட்டது.

ஆனால் புதுச்சேரியில் இருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. அங்கே தமிழர்கள் கிரகணம் கணிக்கிற முறையைக் கற்றுக்கொண்டு எழுதிவைத்தார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அந்த முறையில் கணித்துப் பார்த்தால் 41 விநாடி குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய டோபியாஸ் மாயருடையது 68 விநாடி அதிகமாகக் காட்டியது.

அறுபது வருடம் கழித்து இன்னொருவர். ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி. கோலார் பக்கம் தங்கம் இருப்பதை ஆராய்ந்து எழுதிய அதே வாரன். சென்னை வானிலையத்திலும் பொறுப்பில் இருந்தவர். 1825-ல் சென்னையில் வெளியான அவருடைய 'காலசங்கலிதம்' என்ற நூலில், புதுச்சேரியில் தான் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் காகிதத்தில் ஒரு எண்கூட எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணை எல்லாம் வாய்ப்பாட்டில், அதாவது மனப்பாடமான வாக்கியங்களில் இருந்தது. அந்த வருடம் மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவில் வந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துச் சொன்னார். தொடக்க நேரத்தில் 4 நிமிடம்தான் வித்தியாசம். நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் வித்தியாசம் வந்தது. அவ்வளவு பழைய வாக்கியங்களை வைத்துக்கொண்டு, சோழியால் போட்ட கணக்கு அது.

1952-ல் ஓட்டோ நாய்கபவர் என்ற புகழ்பெற்ற கணித வரலாற்றாசிரியர் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பு வைத்து இதை ஆராய்ந்தார். சந்திரனுக்கு 248 நாள் சுற்றுக்கு 248 வாக்கியம் வைத்துக்கொள்வது நம் வாக்கியப் பஞ்சாங்க முறை. அந்த 248 நாள் சுற்று பழைய பாபிலோன் களிமண் பலகைகளிலும் இருக்கிறது என்று காட்டினார். எல்லாம் எங்களிடமிருந்தே போனது என்று மார்தட்டவும் வேண்டாம், எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்று கூனிக் குறுகவும் வேண்டாம். அறிவு என்பது கொடுத்து வாங்கிக்கொள்வதுதான்.

அந்தச் சோழிக்காரர் என்ன கணக்குப் போட்டார்? நம் டி.வி.எஸ். 50 கணக்குத்தான். வானத்தில் சந்திரன் ஒரு நாளைக்குச் சுமார் 13.18 பாகை கிழக்கே நகர்கிறது. சூரியனும் அதே திசையில் நகர்வதாகத் தெரிகிறது, சுமார் 0.99 பாகை. ஒரே திசை, ஆகவே கழிக்க வேண்டும். வித்தியாசம் 12.19 பாகை. அமாவாசையன்று இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. சந்திரன் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, கூடுதலாக ஓடினால் திரும்பச் சூரியனைப் பிடிக்கும். 360-ஐ 12.19-ஆல் வகுத்துப் பாருங்கள். 29 நாளும் அரையும் வரும். அமாவாசைக்கு அமாவாசை அவ்வளவுதான்.

சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை முன்னேறினால் ஒரு திதி. 30 திதிக்கு 360 பாகை. திதி என்பதே வேகங்களின் வித்தியாசத்தை அளக்கிற அளவு. சந்திரன் சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் போவதால் ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்திலும் முடியும், 27 மணி நேரம் வரையும் இழுக்கும். அதனால்தான் காலண்டர் தாளில் "காலை 9.40 வரை சதுர்த்தி, பின் பஞ்சமி" என்று போட்டிருக்கிறார்கள். ரயில் கணக்கு வராது என்று சொல்கிற எல்லோர் வீட்டுச் சுவரிலும் அதன் விடை தினம் தினம் தொங்குகிறது.

இனி கிரகணத்துக்கு வருவோம். சந்திர கிரகணம் என்றால் பூமியின் நிழலுக்குள் சந்திரன் நுழைந்து வெளியே வருவது. இதை ஒரு ரயில் குகைக்குள் போய் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் சந்திரன். வானத்தில் அதன் அகலம் சுமார் 0.5 பாகை. குகை பூமியின் நிழல். சந்திரன் இருக்கிற தூரத்தில் அதன் அகலம் சுமார் 1.4 பாகை. இந்தக் குகை சும்மா நிற்காது. நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பதால், சூரியனின் வேகத்தில் அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும், சந்திரன் போகிற அதே திசையில். ஆகவே வேகங்களைக் கழிக்க வேண்டும். நாளுக்கு 12.19 பாகை என்றால் மணிக்குச் சுமார் 0.5 பாகை.

ரயிலின் முகப்பு குகை வாயைத் தொட்டதிலிருந்து கடைசிப் பெட்டி வெளியே வரும் வரை எவ்வளவு ஓட வேண்டும்? குகையின் நீளமும் ரயிலின் நீளமும் சேர்த்து ஓட வேண்டும். 1.4 + 0.5 = 1.9 பாகை. மணிக்கு 0.5 என்றால் 3.8 மணி, அதாவது 3 மணி 48 நிமிடம். இது கிரகணம் தொட்டதிலிருந்து விடும் வரை.

ரயில் முழுக்கக் குகைக்குள்ளேயே இருக்கிற நேரம் எவ்வளவு? கடைசிப் பெட்டி உள்ளே நுழைந்த பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். முகப்பு வெளியே தலை காட்டும்போது நிறுத்திவிட வேண்டும். ஆகவே 1.4 − 0.5 = 0.9 பாகை. 1.8 மணி, அதாவது 1 மணி 48 நிமிடம். இது முழு கிரகணம்.

2018 ஜூலை 27-ஆம் தேதி இரவு நம் ஊரில் நிலா செம்பு நிறமாக மாறியது நினைவிருக்கும். சந்திரன் நிழலின் ஏறக்குறைய நடுவில் புகுந்துபோன கிரகணம் அது. தொட்டதிலிருந்து விட்டது வரை 3 மணி 55 நிமிடம். முழு கிரகணம் 1 மணி 43 நிமிடம். நாம் ஒரு துண்டுக் காகிதத்தில் தோராய எண்களை வைத்துப் போட்ட கணக்கு இரண்டிலும் பத்து நிமிடத்துக்குள் நிற்கிறது.

இதைப் போட்டுக் காட்டியதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தொடறதுல இருந்து விடற வரைக்கும்னா நீளத்தைக் கூட்டோணும். முழுசா உள்ளார இருக்கறதுன்னா கழிக்கோணும். அவ்வளவுதானுங்களா டீச்சர்?" என்றாள். அவ்வளவுதான். கம்பத்துக்கு நீளம் இல்லை, ஆகவே ரயிலின் நீளம் மட்டும். நடைமேடைக்கு நீளம் உண்டு, ஆகவே இரண்டையும் கூட்டு. இன்னொரு ரயிலா, அதற்கும் நீளம் உண்டு, வேகமும் உண்டு. ஒன்பது சூத்திரத்துக்கும் வேலை போய்விட்டது.

ரயில் வந்ததால் கணக்கில் எதுவுமே புதிதாக நடக்கவில்லையா என்றால், நடந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிப் போட்ட பாதை 1862-ல் போத்தனூரை மேற்குக் கரையோடு இணைத்தது. 1873-ல் போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் கிளைப் பாதை வந்தது. நம் துடியலூர் வழியாகப் போவது அதுதான். அதுவரை ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரியன்தான் கடிகாரம். சென்னையில் உச்சிவேளை ஆகி சுமார் 13 நிமிடம் கழித்துத்தான் கோவையில் உச்சிவேளை. மாட்டுவண்டிக்கு அது பொருட்டே இல்லை. ரயிலுக்கு 13 நிமிடம் என்பது பல மைல்.

"இரண்டு ரயில்கள் காலை 6 மணிக்குப் புறப்படுகின்றன" என்று கணக்கு எழுத வேண்டுமானால் இரண்டு ஊரிலும் ஒரே 6 மணி இருக்க வேண்டும். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததால் சென்னை நேரத்தையே நாடு முழுவதும் ரயில்வே வைத்துக்கொண்டது. லண்டன் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய நேரம் அது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேர வித்தியாசம் கொண்ட இந்திய நேரம் வந்தது.

அதற்கு முந்தின வருடம், 1905-ல், ஐன்ஸ்டைன் ஒரு கேள்வியை எழுப்பினார். ஓடுகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் கடிகாரம் ஒரே மாதிரிதான் ஓடுமா என்று. ஓடாது என்பது விடை. ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போனால் ஆரியபட்டரின் கூட்டல் அப்படியே பொருந்தாது. ஆனால் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். நம் ரயிலுக்கும் நிலாவுக்கும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது.

இன்னொரு விஷயம். நம் மேட்டுப்பாளையம் பாதை ஒற்றைப் பாதை. புத்தகத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்து "சந்திக்கும்". இங்கே அப்படிச் சந்தித்தால் என்ன ஆகும்? தலா 50 கி.மீ. வேகம் என்றால் இடைவெளி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மூடும். ஒரு கி.மீ. தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் மிச்சம் இருப்பது 36 விநாடி. ஒரு வண்டியின் ஓட்டுநர் மட்டும் பிரேக் போட்டாலும் போதாது, எதிரே வருவதும் நிற்க வேண்டும். அதனால்தான் ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டும் அனுமதி. பழைய முறையில் அந்தப் பகுதிக்குரிய டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கவே முடியாது. "கிராசிங்குக்கு நிக்குது" என்று நாம் சலித்துக்கொள்கிற அந்தப் பத்து நிமிடத்தில், யாரோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இந்தக் கணக்கைத்தான் சரியாகப் போட்டிருக்கிறார்.

வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள். 12 மணிக்குக் கடிகாரத்தின் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றாக இருக்கும். அடுத்து எப்போது ஒன்று சேரும்? 1 மணி 5 நிமிடம் என்பார்கள். அது இல்லை. அதற்குள் சின்ன முள்ளும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அமாவாசைக்குப் போட்ட கணக்கையே திரும்பப் போடச் சொல்லுங்கள். சூத்திரம் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சின்ன முள்ளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பெரிய முள் எப்படி வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், போதும்.